முகத்துவாரத்து மீனை அடையாளம் காட்டியவர்களுக்கு நன்றி

ஆற்றங்கரை, அழகன்குளம் சொந்தங்களுக்கு வணக்கம்.

வைகை கடலில் சேரும் இடத்தில் என் வீச்சுவலையில் விழுந்த வெள்ளி நிற மீன் என்னவென்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? தெரிந்துவிட்டது. இந்தோ-பசிபிக் டார்பன். அறிவியல் பெயர் மெகாலாப்ஸ் சிப்ரினாய்டஸ்.

முதல் நன்றி சந்தையில் மீன் வெட்டும் அக்காவுக்கு. பார்த்தவர்களில் பாதிப் பேர் பால்கெண்டை என்றார்கள். "பால்கெண்டைக்கு வாய் இத்தனூண்டு, பல்லே கிடையாது. இதுக்கு வாய் மேலே பார்த்துல்ல திறக்குது தம்பி" என்று மறுத்தவர் அவர்தான். அதோடு விடவில்லை. விலாவின் நடுக்கோட்டுச் செதில்களைக் கத்தி முனையால் எண்ணினார்: 38. பால்கெண்டை என்றால் 75க்கு மேல் இருக்கும். வியாபார நேரத்தில் இதெல்லாம் யார் செய்வார்கள்! வரிசையில் நின்றவர்களுக்கும் நன்றி, முணுமுணுத்த பெரியவர் உட்பட.

முதுகுத் துடுப்பின் கடைசிக் கதிர் நூலாக நீண்டிருந்ததால் மத்தி இனமோ என்று ஒரு பேச்சு வந்தது. அந்த இனத்தில் கடைசிக் கதிர் இப்படி நீளும் மீன்களுக்கு அடிவயிற்றுச் செதில்கள் கூராக இருந்து கையைக் கீறும். இதைத் தடவிப் பார்க்கச் சொன்ன ஐஸ் கடை பாய்க்கு நன்றி. வயிறு வழவழவென்று இருந்தது.

அப்புறம் மண்டபத்து ஐயா. கடல் மீன்வள ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாட்டுப் படம் போதாது, தாடைக்கு அடியில் எடுத்து அனுப்பு என்றார். கீழ்த்தாடை எலும்புகளுக்கு நடுவே ஓர் எலும்புத் தகடு தெரிந்தது. அந்தத் தகடு, பெரிய செதில், நூல் கதிர் மூன்றும் சேர்ந்ததும் சந்தேகம் தீர்ந்தது என்றார். பிடித்த கையோடு அதைத் தொட்டியில் விட்டிருந்த மச்சான், மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியதைக் கவனித்துச் சொல்லியிருந்தான். சரிதான், இதன் காற்றுப்பை நுரையீரலாகவும் வேலை செய்யும், அதனால் பிராணவாயு குறைந்த தேங்கிய தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் என்று ஐயா விளக்கினார். இதன் குஞ்சு விலாங்கு இனத்துக் குஞ்சைப் போலக் கண்ணாடி நாடா மாதிரி இருக்குமாம். வால் மட்டும் பிளவுபட்டிருக்கும். வலையில் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் உதறிவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

மீனை ஃபார்மலினில் போட்டுப் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கும் டீச்சருக்கும் நன்றி. பார்க்க விரும்புகிறவர்கள் அவரிடம் கேட்டுவிட்டு மாலை மணி அடித்த பிறகு போங்கள்.