தாமதம் தொடங்குவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருநகரங்களில் உள்ள பழைய மேற்கத்திய பாணி உயர்தர உணவகங்களைப் பற்றி, 'காத்திருந்து காத்திருந்து சாப்பாடு வந்தால், அதுவும் ஆறிப்போயிருக்கிறது' என்ற குறை அடிக்கடி எழுகிறது. கொடுக்கும் பணத்துக்கு இந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் தாமதத்தில் ஒரு பங்கு சாப்பிடும் மேசையிலேயே உண்டாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே உணவு சுற்றுச் சுற்றாக வரும்; மேசையில் எல்லோரும் ஒரு சுற்றை முடித்த பிறகுதான் அடுத்தது வரும். சமையற்கட்டும் பிரெஞ்சு சமையற்கலைஞர் எஸ்காஃபியே வகுத்த ஏற்பாட்டை ஒட்டி சாஸ், கிரில், மீன், இனிப்பு எனத் தனித்தனிப் பிரிவுகளாக இயங்குகிறது. நால்வர் நான்கு விதமாக ஆர்டர் கொடுத்தால், எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். முதல் சுற்று முடியும் தறுவாயில் பரிமாறுபவர் உள்ளே குரல் கொடுப்பார். அடுப்பில் வேலை தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் கைபேசியோடு வெளியே போனால், நான்கு தட்டுகளும் சூட்டு விளக்கின் கீழ் காத்துக் கிடக்கும். உட்புறம் 52 டிகிரி செல்சியஸில் இறக்கிய ஸ்டேக் (தடித்த இறைச்சித் துண்டு), தன் சூட்டிலேயே மேலும் சில டிகிரி ஏறும். அதற்கு இடம்விட்டுத்தான் இறக்குவார்கள். விளக்கின் சூடும் சேர்ந்தால் கணக்குத் தப்பி, நடுவிலுள்ள இளஞ்சிவப்பு மங்கிவிடும். முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்து அடிக்கும் ஹாலண்டேஸ் சாஸ் இன்னும் மோசம். அளவுக்கு மீறிச் சூடானால் மஞ்சள் கரு திரிந்து, வெண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். திரிந்த கருவை மீட்க வழியில்லை. புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

அடித்த முட்டை வெள்ளை சேர்த்து ஓவனில் உப்பவைக்கும் சூஃப்ளே வேண்டுமானால் முதல் ஆர்டரிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓவனில் மட்டும் அதற்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். முட்டை வெள்ளையில் அடைபட்ட காற்று சூட்டில் விரிவதால்தான் அது உப்புகிறது. வெளியே எடுத்ததும் காற்று குளிர்ந்து சுருங்க, சில நிமிடங்களில் அமுங்கிவிடும். அதனால் முன்கூட்டியே செய்து வைக்க முடியாது.

ஒவ்வாமையை முன்பதிவின்போதே தெரிவியுங்கள். சாஸ்களுக்கான எலும்புச் சாறு பல மணி நேரம் கொதித்து வற்றுவது. அதில் சேர்ந்த மாவையோ வெண்ணெயையோ கடைசி நேரத்தில் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒட்டினாற்போல் இணையாக வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று பொருள். விரித்து வைத்தால் பரிமாறுபவர் தட்டை எடுக்கத் தயங்குவார். அடுத்த சுற்றும் அங்கேயே நின்றுவிடும்.

உணவக நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதிக நேரம் பிடிக்கும் உணவுகளுக்கு எதிரே எத்தனை நிமிடம் ஆகும் என்று மெனுவில் அச்சிடுங்கள். மேசையில் ஒருவர் இல்லையென்றால் அடுத்த சுற்றை நிறுத்திவைக்கச் சொல்லும் அதிகாரத்தைப் பரிமாறுபவருக்குக் கொடுங்கள். பல இடங்களில் அவர் கேட்கத் தயங்குவதால்தான் தட்டுகள் விளக்கின் கீழ் காய்கின்றன.

இப்படிக்கு,
உணவகப் பணியாளர்கள் சிலர்