ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், சொல்லித்தர ஆள் வேண்டும்: சாட்ஸ்வொர்த் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தின் பின்னறையில், பார்வையற்றவர்களுக்குக் கணினிப் பயிற்சி தொடங்கவிருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

"ஸ்கிரீன் ரீடர் சும்மாவே கிடைக்கிறதே, அப்புறம் எதற்கு வசூல்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்த மென்பொருள் பெரும்பாலும் இலவசம்தான். விண்டோஸுக்கு என்.வி.டி.ஏ.; ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கியது. மேக்கில் 2005 முதல் வாய்ஸ்ஓவர் கூடவே வருகிறது. லினக்ஸுக்கு ஓர்கா, ஆண்ட்ராய்டு போனுக்கு டாக்பேக். இவற்றில் சேராத, விண்டோஸுக்கான ஜாஸ் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது.

ஆனால் ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். இணையப் பக்கத்தில் அடுத்த தலைப்புக்குப் போக என்.வி.டி.ஏ.வில் ஹெச் விசையைத் தட்டினால் போதும். மேக்கில் கண்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு ஹெச். போனில் விரலால் தடவித்தான் தேட வேண்டும். நம் வீடுகளில் மகன் புது லேப்டாப் வாங்கினால் பழையது அப்பாவுக்கு வரும்; அது எந்த வகை என்று யார் பார்க்கிறார்கள்? அதனால் எல்லா வகையும் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தேவை. அவரும் பார்வையற்றவராக இருக்க வேண்டும், அவருக்கு ஒழுங்கான சம்பளம் தர வேண்டும் என்பது குழுவின் முடிவு. சேவை என்று சொல்லி ஓசியில் வேலை வாங்க எங்களுக்கு மனமில்லை. நன்கொடையில் பெரும்பகுதி இதற்கே போகும்.

இன்னொரு வேலை தமிழ் சார்ந்தது. விண்டோஸில் தமிழ் வாசிக்க 'வள்ளுவர்' என்றே ஒரு குரல் இருக்கிறது (பெயர் நாங்கள் வைத்ததல்ல). ஆனால் நம் தேவாரத் தாள்கள் பல பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கணினிக்கு ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். வள்ளுவரே வந்தாலும் அதை எப்படிப் படிப்பார்? ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம், சத்தமே வராது. எல்லாவற்றையும், கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பிழை பார்க்க வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. பணம் தர இயலாதவர்கள் வாரம் ஒரு மணி நேரம் தந்தால் அதுவும் நன்கொடைதான்.

50 ரேண்டும் சரி. ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரிச்சலுகைக்கான 18ஏ சான்றிதழ் தரும் பதிவு எங்களிடம் இன்னும் இல்லை.

ஹெட்போன்களும் தேவை, எல்லாக் கணினியும் ஒன்றாகப் பேசினால் அறை மீன்சந்தைதான். பழைய கணினி தருவதானால், மின்வெட்டு நேரத்திலும் ஓட வேண்டும் என்பதால், பேட்டரி தாங்கும் லேப்டாப்பாகவே கொடுங்கள். கொடுக்கும் முன் உங்கள் படங்களையும் பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள்.

பயிற்சிக் குழுவினர்