கதிருக்கு, சித்தி எழுதுவது

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, காலை நடைக்கும் ஒழுங்காகப் போகிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியாகிவிட்டது. போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மீனா லீவுக்கு வந்திருந்தபோது டிவியில் ஒரு ஜப்பான் படம் போட்டாள். 'தி பாய் அண்ட் தி ஹெரான்'. ஹயாவோ மியாசாகி எடுத்த அனிமேஷன் படம். சின்னப் பிள்ளைகள் படம்தானே என்று உட்கார்ந்தவள், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

போர்க்காலத்து டோக்கியோ. போர் தொடங்கி மூன்றாம் வருஷம். நடு ராத்திரியில் சங்கு ஊதுகிறது, அம்மா இருக்கும் ஆஸ்பத்திரி பற்றி எரிகிறது. மஹிட்டோ என்கிற பையன் ராத்திரி உடுப்போடு கீழே ஓடி வருகிறான். அப்புறம் திரும்பி, கையையும் காலையும் ஊன்றி மாடிப்படி ஏறிப் போய், உடை மாற்றிக்கொண்டு மறுபடி ஓடுகிறான். அம்மா எரிந்துகொண்டிருக்கும்போதும் வெளியே போவதென்றால் சட்டை மாற்ற வேண்டும் என்று அவனுக்கு இருக்கிறது. அப்படி வளர்க்கப்பட்ட பிள்ளை. அதைப் பார்த்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. தெருவில் ஓடும்போது எதிரே வரும் மனிதர்களின் முகங்கள் வெக்கையில் கலைந்து இழுபடுகின்றன, யாருக்கும் உருவம் இல்லை. அந்த ஒரு காட்சிக்காகவே இதைக் கையால் வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அறுபது பேர் உட்கார்ந்து வரைந்தும் மாதத்துக்கு ஒரு நிமிஷப் படம்தான் முடிகிறது என்று தயாரிப்பாளர் தோஷியோ சுசூகி 2020-இல் சொன்னாராம். படம் 124 நிமிஷம். எல்லாம் முடிய ஏழு வருஷம். 2013-இல் இனிப் படம் எடுக்கமாட்டேன் என்று அறிவித்த மனிதர், 2023 ஜூலையில் இது வெளியானபோது 82 வயதில் இருந்தார்.

அம்மா போன மறு வருஷம் அப்பா அவனைக் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறார். ஸ்டேஷனில் ஒரு பெண் காத்திருக்கிறாள். நட்சுகோ. அம்மாவின் தங்கை, அச்சு அசலாக அம்மாவின் முகம். இப்போது அப்பாவுக்கு மனைவி, வயிற்றில் பிள்ளை வேறு. ரிக்‌ஷாவில் போகும்போது பையனின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைக்கிறாள். அவன் கையை உதறவில்லை. அந்தக் கை விறைத்துப்போவது மட்டும் நமக்குத் தெரிகிறது.

மீனா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அக்கா போன பிறகு நம் வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசியதை நீ கேட்டிருப்பாய். பிள்ளைக்கு வேற்று மனுஷி வரக்கூடாது, சித்தியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அத்தான் மேல் மரியாதை இருந்தது, உன் மேல் உயிரே இருந்தது, சம்மதித்தேன். நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வைத்தாய். "வேண்டாம் சித்தி", "சரி சித்தி", இரண்டில் ஒன்றுதான் பதில். என்ன பொறுமையான பிள்ளை என்று தெருவே மெச்சியது. எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. ஒன்பது வயசுப் பையன் ஒருநாள்கூட அடம்பிடிக்காமல் இருந்தால், அவன் உள்ளே எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

மஹிட்டோவும் அப்படித்தான். குனிந்து வணக்கம் சொல்கிறான், நன்றி சொல்கிறான். பள்ளிக்கூடத்தில் பையன்களோடு அடிதடி. திரும்பி வரும் வழியில் ஒரு கல்லை எடுத்துத் தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொள்கிறான். ரத்தம் கொட்டுகிறது. கேட்டவர்களிடம் விழுந்துவிட்டேன் என்கிறான். அப்பா பாசக்காரர்தான், ஆனால் யார் அடித்தது என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பறக்கிறாரே தவிர, பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருவதில்லை. விமானத்துக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை அவருடையது. மியாசாகியின் சொந்தக் குடும்பமும் போர் விமானங்களுக்கு உறுப்புகள் செய்த குடும்பம், குண்டுவீச்சுக்குப் பயந்து உட்சுனோமியாவுக்குப் போனவர்கள். அவருடைய அம்மா முதுகெலும்பில் காசநோய் வந்து வருஷக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்தவர். தன் மனசில் கிடந்ததை எடுத்து வைத்திருக்கிறார் என்பது பார்க்கும்போதே தெரிகிறது.

நடுவில் சாம்பல் நாரை ஒன்று வந்து உன் அம்மா சாகவில்லை என்கிறது. நட்சுகோ காட்டுக்குள் போய்க் காணாமல் போகிறாள், அவளைத் தேடிப் பையன் ஒரு பழைய கோபுரத்துக்குள் நுழைகிறான். அதற்கு அப்புறம் வருவது வேறு உலகம். கடல், ஆள் உயரக் கிளிகள், உலகத்தையே கற்களை அடுக்கித் தாங்கும் ஒரு கிழவர். பாதி இடத்தில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. அக்கா போன மாதங்களை நினைத்துப் பார்த்தால் எனக்கும் வரிசையாக எதுவும் ஞாபகம் இல்லை.

அங்கே ஒரு கூழைக்கடா வருகிறது. நம் கூந்தன்குளத்தில் பார்ப்போமே, அதே பறவை. பிறக்கப்போகும் உயிர்கள் வெள்ளை வெள்ளையாக ஊதிக்கொண்டு வானத்துக்கு ஏறும், கூழைக்கடாக்கள் அவற்றைக் கொத்தித் தின்னும். பார்க்க அவ்வளவு கோபம் வரும். பிறகு அடிபட்டுச் சாகக் கிடக்கும் ஒரு கிழப்பறவை, எங்களை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள், கடலில் தின்ன மீன் இல்லை, வேறு என்ன செய்வது என்கிறது. பையன் ஒன்றும் பேசாமல் அதற்குக் குழி தோண்டிப் புதைக்கிறான். கெட்டவன் என்று ஒருவனைக் காட்டிக் கதையை முடிப்பது சுலபம். இந்த மனிதர் அதைச் செய்யவில்லை, அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

நான் சொல்ல வந்தது பிரசவ அறைக் காட்சியைப் பற்றி. யாரும் நுழையக்கூடாத அறை அது. உள்ளே நட்சுகோ படுத்திருக்கிறாள், மேலே காகிதப் பட்டைகள் தொங்குகின்றன. மஹிட்டோ வந்து, வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் என்கிறான். காகிதங்கள் பறந்து வந்து அவன்மேல் அப்பிக் கிழிக்கின்றன. அவள் எழுந்து, முகமே மாறிப்போய், உன்னைப் பிடிக்கவில்லை, போய்விடு என்று கத்துகிறாள். அதுவரை அவ்வளவு மென்மையாகப் பேசியவள். அப்போதுதான் அவன் முதல் தடவையாக அவளை அம்மா என்று கூப்பிடுகிறான்.

மீனாவுக்கு அந்த இடம் புரியவில்லை. அவ்வளவு நல்லவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று கேட்டாள். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நட்சுகோவுக்கும் செத்துப்போனது அக்கா. அந்த வீட்டில் பையனைப் பார்த்து எல்லாரும் இரக்கப்படுகிறார்கள், அவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அக்காவின் இடத்தில் நிற்கிறாள், அக்காவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், அவன் தலையில் காயம் பட்டதற்கும் அக்காவை நினைத்து அவள்தான் குன்றிப்போகிறாள். அழுவதற்கு அவளுக்கு ஒரு இடம் வேண்டாமா? இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள், மரியாதையாக வேறு நடந்துகொண்டார்கள். அந்த மரியாதை கிழிந்த பிறகுதான் உறவு வந்தது.

கதிர், நீயும் நானும் கத்தவே இல்லை. எத்தனையோ ராத்திரி நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய், நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என்னைப் பிடிக்கவில்லை என்று நீ ஒருநாள் சொல்லியிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. பிடிக்க வேண்டும் என்று உனக்கு எந்தக் கடனும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நீ என்னை அம்மா என்று கூப்பிடாததைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவார்கள், உன் காதிலும் விழுந்திருக்கும். அதை நீ மனசில் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிடு. சித்தி என்று நீ கூப்பிட்ட குரலே எனக்குப் போதும்.

இன்னொன்று. அவன் அம்மா விட்டுப்போன ஒரு புத்தகம் மஹிட்டோவின் கையில் கிடைக்கிறது. கென்ஜாபுரோ யோஷினோ என்பவர் 1937-இல் எழுதியது. ஜப்பானில் இந்தப் படத்தின் பெயரே அந்தப் புத்தகத்தின் பெயர்தான். உள்ளே, வளர்ந்த மஹிட்டோவுக்கு என்று அம்மா கையெழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது அவன் அழுகிறான். ஐந்தாம் வகுப்பு தொடங்கியபோது நீ பழைய நோட்டுகளிலிருந்து அக்கா எழுதிய லேபிள்களைத் தண்ணீர் தொட்டு உரித்து, சோற்றுப் பருக்கை வைத்துப் புது நோட்டுகளில் ஒட்டினாய். வகுப்பு நாலு என்று இருந்ததைப் பேனாவால் ஐந்தாகத் திருத்தியிருந்தாய். நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அது உனக்கும் அக்காவுக்கும் நடுவில் உள்ளது. இப்போது நீயே ஒரு அப்பா ஆனபிறகு சொல்லலாம் என்று தோன்றுகிறது.

போன வாரம் வீடியோ காலில் யாழினி சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி "அது யாரு?" என்றாள். நீ சட்டென்று பேச்சை மாற்றினாய். அவளுக்கு ஐந்து வயசு, மறுபடியும் கேட்பாள். சொல்லு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் என்னைக் கேள். அந்தக் கோபுரத்துக்குள் மஹிட்டோ ஹிமி என்று ஒரு சின்னப் பெண்ணைச் சந்திக்கிறான், துணிச்சல்காரி, நெருப்பை ஆளுகிறவள். அவள்தான் சின்ன வயசில் அவன் அம்மா. பின்னால் தீயில் சாகப்போகிறாள் என்று தெரிந்தும், உன்னைப் பெறுவதென்றால் எனக்குச் சந்தோஷம்தான் என்று சொல்லித் தன் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். உன் அம்மாவை நீ நோயாளியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறாய். நான் பார்த்தது பன்னிரண்டு வயசு அக்காவை. தாத்தாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் விடுவாள். விழுந்து உதடு கிழிந்தபோது, "அம்மாகிட்ட சொன்னே, கொன்னுருவேன்" என்றாள். இப்படி எவ்வளவோ இருக்கிறது. அப்பாவுக்கும் இதெல்லாம் தெரியாது.

இந்தப் படத்தை யாழினிக்கு இப்போது போடாதே, ரத்தம் வருகிறது, பயந்துபோவாள். அதே ஆள் 1988-இல் எடுத்த 'தோட்டோரோ' இருக்கிறது, அதிலும் அம்மா ஆஸ்பத்திரியில்தான், ஆனால் குழந்தைகள் பார்க்கலாம். அதைப் போடு. இதை நீ மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்.

பார்த்துவிட்டு ஒன்று சொல். நட்சுகோ அந்தக் கோபுரத்துக்குள் தானாகப் போனாளா, இல்லை ஏதோ இழுத்துக்கொண்டு போனதா? மீனா இழுத்ததுதான் என்கிறாள். அவளாகத்தான் போனாள் என்பது என் கட்சி. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. போன் வேண்டாம், எழுது.

அன்புடன்,
சித்தி