விளிம்பைத் தேய்க்காதீர்கள், சேர்ந்து வந்ததைப் பிரிக்காதீர்கள்: பழம்பொருள் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர்களுக்கும் ஏலம் நடத்துவோருக்கும் வணக்கம்.

பிரிட்டிஷ் பீரங்கிப்படை வீரர்களின் வரலாற்றைத் தேடி எழுதுபவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது இரண்டே காரியம்: வந்த பதக்கத்தைப் பளபளப்பாக்காதீர்கள், ஒரே பெட்டியில் வந்ததைத் தனித்தனியாக விற்காதீர்கள்.

1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பாதிக்கு மேல் எரிந்து போயின. ஏடு எரிந்துபோன ஒரு கன்னருக்கு (பீரங்கிப்படையின் சாதாரணச் சிப்பாய்) இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பதக்க விளிம்பில் உள்ள ஒரே வரிதான்: எண், பதவி, பெயர், படை. அதைக் கொண்டு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 372 வரிசையில் பதக்க அட்டையைத் தேடலாம். அட்டையிலுள்ள குறியீடு டபிள்யூ.ஓ. 329 பதக்கப் பட்டியலுக்கு இட்டுச் செல்லும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் பீரங்கிப்படையினர் எல்லோருக்கும் 'ஆர்.ஏ.' (ராயல் ஆர்ட்டிலரி) என்றே பொறித்தார்கள். களப் பீரங்கியா, கோட்டைப் பீரங்கியா என்பது அதில் தெரியாது. 1914-15 நட்சத்திரம் என்ற பதக்கத்தின் பின்பக்கத்தில்தான் 'ஆர்.எஃப்.ஏ.' (களப் பீரங்கி), 'ஆர்.ஜி.ஏ.' (கோட்டைப் பீரங்கி) என்று பிரிவு இருக்கும். அந்த இரண்டு பிரிவுகளுக்கும் எண் வரிசை வேறு வேறு. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்கலாம். நட்சத்திரத்தை மட்டும் தனியே விற்றுவிட்டால், ஆளைப் பிரித்தறியும் வழி அடைபடுகிறது. பட்டியல்களில் பேட்டரி (சில பீரங்கிகளைக் கொண்ட சிறு பிரிவு) எண்ணும் பெரும்பாலும் கிடைக்காது. பெட்டியடியில் கிடக்கும் ஒரு தபால் அட்டையோ, சம்பளப் புத்தகமோதான் அதைச் சொல்லும். பேட்டரி தெரிந்தால்தான் டபிள்யூ.ஓ. 95-இல் உள்ள போர் நாட்குறிப்பில் எதைத் திறப்பது என்றே தெரியும். இறந்தவர் வீட்டுக்கு அனுப்பிய வெண்கல நினைவுத் தகட்டின் நிலை இன்னும் மோசம். அதில் பெயர் மட்டுமே உண்டு. எண்ணும் இல்லை, படையும் இல்லை. பதக்கங்களை விட்டுப் பிரிந்த 'ஜான் ஸ்மித்' தகட்டை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

தேய்ப்பதால் என்ன போகும்? வெள்ளி மென்மையானது. பாலிஷ் போட்டுத் துணியால் அழுத்த அழுத்த எழுத்தின் கரைகள் மழுங்கி, 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அட்டை வேறொருவருடையது. விளிம்பைப் படிக்க, இருட்டறையில் டார்ச்சை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுங்கள். நிழல் விழும்போது எழுத்து எழும்பி நிற்கும். வெர்னியர் காலிப்பரால் குறுக்களவையும் பல இடங்களில் பாருங்கள். போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால், பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வாளிலும் இதே கதைதான். பீரங்கிப்படை அதிகாரிகள் மூன்று கம்பிக் காப்புள்ள வாளைச் சொந்தச் செலவில் வாங்கினார்கள். அலகில் உள்ள அரச முத்திரை காலத்தைச் சொல்லும்: 'வி.ஆர்.' (விக்டோரியா) என்றால் 1901-க்கு முன், 'ஜி.ஆர்.' ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை. வில்கின்சன் வாளானால் கைப்பிடியை ஒட்டி, அலகின் முதுகில் ஒரு வரிசை எண் இருக்கும். நிறுவனத்தின் பழைய பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதியும், பல சமயம் வாங்கியவர் பெயரும் இருக்கும். துரு என்று எமரித் தாளால் உரசினால் முதலில் போவது அந்த எண்ணும், மெல்லிய அமிலப் பொறிப்பும்தான். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கூர் தீட்டவே வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப்படைக்குப் பரங்கிமலைதான் தலைமையிடம். அந்தப் படை 1860-களின் தொடக்கத்தில்தான் ராயல் ஆர்ட்டிலரியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆளை கியூவில் தேடினால் மாதக்கணக்கில் அலைச்சல்தான் மிச்சம். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்.மில். 11 வரிசையைப் பாருங்கள், திருமணம், அடக்கம் போன்றவற்றுக்கு என். 2 வரிசை. வாங்குபவருக்கு இதைச் சொல்லியனுப்பினால் பெரும் உதவி.

விற்பது உங்கள் தொழில். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. விற்கும் முன் விளிம்பு வரியை எழுத்துக்கு எழுத்து, புள்ளி விடாமல் எழுதுங்கள். வாளின் முதுகையும் படமெடுங்கள். யாரிடம், எந்த ஊரில் வாங்கினீர்கள் என்பதை ஒரு சீட்டில் குறித்துப் பொருளோடு சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
பீரங்கிப்படை வரலாற்றைத் தேடுவோர்