வேரைத் தோண்டிப் பார்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னாள் என் மனைவி. என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

டிஏபி என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உர மூட்டையின் விலையைப் பற்றியும், போட்ட உரம் பீன்ஸில் தெரியவே இல்லை என்றும் வருந்தி எழுதியிருந்தாய். அந்த மணிச்சத்துக்கு மூலமான பாறைப் பாஸ்பேட்டின் உலக இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொராக்கோவின் கையில் இருக்கிறது. விலை நம் சொல்லைக் கேட்காது. ஆனால் உன் இரண்டாவது வருத்தத்துக்குச் சொல்ல என்னிடம் ஒரு சேதி உண்டு. சில மாதங்களாக ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் நடந்த பீன்ஸ் ஆராய்ச்சியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கோத்தகிரி மண் போன்ற அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்) நீரோடு கலந்து வேரைத் தேடி வரும்; மணிச்சத்து அப்படி வராது. வேர்தான் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். இருப்பதோ பெரும்பாலும் மேல்மண்ணில்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் லிஞ்ச் குழுவும் மொசாம்பிக் நாட்டு ஆய்வாளர்களும் இங்கிருந்துதான் தொடங்கினார்கள். உரம் வாங்க வழியில்லாதவன் நிலத்துக்கு ஏற்ற செடியைத் தேடினார்கள். நாம் படித்த காலத்தில் உரத்தைத் தாங்கி விளையும் ரகத்தைத்தானே தேடினோம்? நாற்பது ஆண்டுகள் காயையும் இலையையும் எண்ணிய நான், ஒரு செடியின் வேரையாவது கழுவி அளந்ததில்லை. அது என்னை உறுத்துகிறது.

அவர்கள் செய்த முறை எளிமையானது. விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்தால், சில நாட்களிலேயே ஆணிவேரின் தலைப்பகுதியிலிருந்து பக்கவேர்கள் எத்தனை அடுக்காக, எந்தச் சாய்வில் கிளம்புகின்றன என்று தெரிந்துவிடும். வயலில் என்றால் மண்வெட்டியால் தோண்டி, கழுவி, கோணத்தை அளப்பார்கள். படுத்தாற்போல் ஓடும் வேர் மேல்மண்ணை மேயும். வேரின் மேல் மயிர்போல் முளைக்கும் வேர்த்தூவிகள் நீண்டிருந்தால் அந்த மண்ணைத் துழாவும். அவற்றை வளர்க்கச் செடிக்குச் செலவும் அதிகமில்லை.

மிகெல் என்ற மொசாம்பிக் ஆய்வாளரின் குழு 2015இல் வெளியிட்ட முடிவைப் பார். மணிச்சத்துக் குறைந்த மண்ணில், இரண்டு குணமும் இல்லாத செடியைவிட, படுத்த வேர் மட்டும் இருந்தால் செடியின் வளர்ச்சி 58 விழுக்காடு கூடியது. நீண்ட தூவி மட்டும் இருந்தால் 89. இரண்டும் சேர்ந்தால் 147 தானே வர வேண்டும்? வந்தது 298! சரியான இடத்தில் வேர், அந்த வேரில் சரியான தூவி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. ஈரம் ஆழத்தில் இருக்கிறது. வேரெல்லாம் மேலேயே ஓடினால் வறட்சியில் செடி வாடிவிடும். அதனால்தான் பல அடுக்கு வேர்களை விரும்புகிறார்கள். சில மேலே போகும், சில கீழே இறங்கும். இப்படிச் செடி எல்லாவற்றையும் உறிஞ்சினால் மண் வெறுமையாகாதா என்று நீ கேட்பாய். எடுத்ததைத் திருப்பித் தரத்தான் வேண்டும். தொழு உரத்தை விட்டுவிடாதே. ஆனால் உன் சரிவில், இலை அடர்ந்த செடி மழையின் அடியைத் தடுத்து மேல்மண்ணைக் காக்கும். மண்ணோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போகும் மணிச்சத்தையும் நினைத்துப் பார்.

நீ ஒன்று செய். கடையில் வாங்கிய ஒரே ரகத்துக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. அக்கம்பக்கத்துப் பாட்டிமார் பானையில் வைத்திருக்கும் பழைய பீன்ஸ் விதைகளை, வகைக்கு ஒரு கைப்பிடி, வாங்கி வை. உரம் போடாத மூலைப் பாத்தியில் அருகருகே விதை. பூக்கும் நேரத்தில் எனக்கு எழுது. நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன், பேத்திக்கு ஒரு கவுனும் நமக்கு ஒரு பாகைமானியும் எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
ராஜமாணிக்கம்