முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கூரையில் சோலார் அமைக்க விற்பனையாளர் கொடுத்ததாக அதனுடன் அனுப்பியிருந்த மதிப்பீட்டுத் தாள்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. இத்தனை மாதம் பேசாமல் இருந்தவன் கடிதம் கண்டவுடன் பதில் எழுதுகிறானே என்று நீ வியக்கலாம். அடுத்த வாரம் முன்பணம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய், அதுதான் காரணம். பணத்தைக் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு. தங்கையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். இதில் பாதி அவளுக்காக எழுதுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் அமைப்பது, இடமும் அளவும் பொருந்தினால், போட்ட பணத்துக்குத் தகுந்த காரியம்தான். என் கூரையிலும் அது சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குக் குறையில்லை. ஆனால் உனக்குக் கொடுத்திருக்கும் திட்டம் வேறு மாதிரியானது. நன்றாக இருக்கும் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தாமே மின்சாரம் தரும் சோலார் ஓடுகளை வேய்ந்து, பத்து யூனிட் கொள்ளும் பேட்டரியையும் சேர்த்து, அத்தனையையும் கடனில் வாங்குவது உன் வீட்டுக்கு ஏற்றதல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

தாளின் முதல் பக்கத்தில், ஏழாம் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும், அதன்பின் மின்சாரம் இலவசம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை அனுமானங்கள் இருக்கின்றன, பார். கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும், நீ மின் நிறுவனத்துக்குக் கொடுக்கும் முழு விலைக்கும் ஈடு என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்கட்டணம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடனுக்கான வட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெயிலை மின்சாரமாக்கும் பேனல் 25 ஆண்டு உழைக்கும் என்பதை நான் நம்புகிறேன்; அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது, ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம்தான் திறன் குறைகிறது, ஆகவே 25 ஆண்டு முடிவிலும் தொடக்கத்தில் தந்ததில் 88 சதவீதம் அளவுக்குத் தந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் அப்படியல்ல. பேனலிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு வேண்டிய மாறுமின்னோட்டமாக்கும் அந்தப் பெட்டி பகல் முழுவதும் சூட்டிலேயே வேலை செய்கிறது. 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு தாளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒரு யூனிட் உனக்கு என்ன விலைக்கு விழுகிறது என்று கேட்டுப் பார். ஒரு கிலோவாட் பேனல், வெயிலைப் பொறுத்து, ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 3 முதல் 4.5 யூனிட் தரும். நாம் 4 என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் அமைப்பு என்றால் நாளுக்கு 12 யூனிட், ஆண்டுக்கு 4,380 யூனிட். திறன் குறைவதையும் கழித்துக்கொண்டால் 25 ஆண்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரும். இனி, அமைக்கும் செலவு, கடன் வட்டி, இடையில் ஒரு புதிய இன்வெர்ட்டர், துடைத்துச் சுத்தம் செய்ய ஆகும் கூலி ஆகிய எல்லாவற்றையும் கூட்டி அந்த ஒரு லட்சத்தால் வகுத்துவிடு. பள்ளியில் வகுத்தல் கணக்கை எல்லாம் என் நோட்டைப் பார்த்தே எழுதியவன் நீ என்றாலும், இந்த ஒன்றை நீயே உன் கையால் போட வேண்டும். வரும் விடை இப்போது நீ யூனிட்டுக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் திட்டம் நல்லது. அருகருகே நின்றால் காத்திரு. நம் கணக்குப்புலி நண்பன், அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்கலாமே என்று உன்னிடம் சொன்னானாம். அவன் கேட்பது நியாயமான கேள்வி. கடன் வாங்கிச் செய்யும்போது இன்னும் நியாயம். ஆனால் அவன் ஒன்றை எண்ணவில்லை: முழுப்பணம் கொடுத்து அமைத்துவிட்டால், நீயே பயன்படுத்தும் யூனிட்டின் விலை அந்த நாளோடு நிலைத்துவிடுகிறது; பின்னால் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அது உன் கூரையைத் தொடாது.

நீயே பயன்படுத்தும் யூனிட் என்று சொன்னதைக் கவனி, முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. சூரியன் விளைவிப்பது பகலில். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கு. உன் வீட்டின் பெரும்பகுதிச் செலவு இருட்டிய பிறகு நடக்கிறது. பகலில் விளைந்து வீட்டுக்குத் தேவைப்படாத மின்சாரம் கிரிட்டுக்குள், அதாவது மின் நிறுவனத்தின் பொதுக் கம்பி வலைக்குள் போகும். போன யூனிட்டுக்கு என்ன வரவு வைப்பது என்பதை நீ தீர்மானிக்க முடியாது. சில இடங்களில் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஒரே விலையில் கழித்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் வெளியே போனதற்கு வாங்கும் விலையில் ஒரு சிறு பங்குதான். அந்த விதியும் நிலையாக நிற்பதில்லை. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2015 டிசம்பரில் இந்த வரவைக் குறைத்தபோது, ஏற்கெனவே பேனல் அமைத்திருந்தவர்களுக்கும் புதிய விதி பொருந்தும் என்று சொல்லிவிட்டது. பழைய விதியை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களின் நிலையை நினைத்துப் பார். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2016இல் அவர்களுக்கு மட்டும் பழைய விதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கலிபோர்னியா 2023 ஏப்ரலிலிருந்து புதிதாகச் சேருவோருக்கான வரவை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஜெர்மனியோ 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சேருகிற ஆண்டின் விலையை 20 ஆண்டுகளுக்கு மாறாமல் கொடுத்தது; அங்கே மக்கள் துணிந்து இறங்கியதற்கு அந்த உறுதி பெரிய காரணம். ஆகவே உன் மின் நிறுவனத்திடம், வெளியே போகும் யூனிட்டுக்கு இன்று என்ன வரவு, அது எத்தனை ஆண்டுக்கு மாறாது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடு. எழுத்தில் தரமாட்டார்கள் என்றால், பகல் செலவுக்கு மட்டும் போதுமான சிறிய அமைப்பைப் போடு. துணி துவைப்பது, நீர் இறைப்பது, வெந்நீர் போடுவது இவற்றையெல்லாம் நண்பகலுக்கு மாற்றிக்கொண்டால், சிறிய அமைப்பின் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை பெறும்.

சோலார் ஓடுகளைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறாய். அவை அழகாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பேனலின் மீது அச்சிட்டிருக்கும் வாட் அளவு 25 டிகிரி செல்சியசில் சோதித்து எடுத்தது. நல்ல வெயிலில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். நாற்பது டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடும். சட்டகத்தின் மேல் தூக்கி வைத்த பேனலுக்கு அடியில் காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோகிறது. கூரையோடு ஒட்டிக் கிடக்கும் ஓட்டுக்கு அந்த வசதி குறைவு. மேலும் சிறிய ஓடுகள் என்றால் இணைப்புகள் மிகுதி, பழுது பார்க்கத் தெரிந்தவர்களோ கொஞ்சம். கூரையே இற்றுப்போய் எப்படியும் மாற்றவேண்டிய வீட்டில், மாற்றும் செலவோடு சேர்த்து ஓடுகளை யோசிக்கலாம். நீ அண்மையில்தான் கூரையைச் செப்பனிட்டாய். பிரிப்பது பாவம்.

கூரையில் நிழல் விழுகிறதே, மரத்தை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அம்மா வைத்த மரத்தை வெட்டாதே. பேனல்களைத் தொடராக இணைப்பதால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் விளைச்சலையும் இழுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நிழல் விழும் மேற்குப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றப் பக்கங்களில் அமைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகச் சிறிய இன்வெர்ட்டர் வைக்கும் முறை இருக்கிறது.

உன் மகனுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். பேனல் செய்யச் செலவாகும் ஆற்றலை அது தன் வாழ்நாளில் திருப்பித் தருமா என்று கேட்டிருந்தான். மிக நல்ல கேள்வி. இன்றைய பேனல்கள் வெயிலைப் பொறுத்து ஓரிரண்டு ஆண்டுகளில், மிஞ்சினால் மூன்றில், அதைத் தந்துவிடுகின்றன. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தைக் காட்டியபோது அதன் திறன் 6 சதவீதம். நான்கே ஆண்டில் வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் அது விண்வெளிக்குப் போயிற்று. இன்று கூரைகளில் 20 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள பேனல்கள் சாதாரணமாகிவிட்டன. அவனிடம் இதைச் சொல். எனக்கு இதில் இருக்கும் மகிழ்ச்சியில் பாதி இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இனி தங்கைக்கு. "இனிமேல் மின்தடை என்ற பேச்சே நமக்கில்லை, அப்பாவின் ஆக்சிஜன் கருவிக்கும் கவலையில்லை" என்று நீ எழுதிய வரியைப் படித்தபோதுதான் உடனே எழுத உட்கார்ந்தேன். கிரிட்டோடு இணைத்த சாதாரண சோலார் அமைப்பு, மின்தடை வந்த கணமே தானும் நின்றுவிடும். கொளுத்தும் வெயில் அடித்தாலும் ஒரு விளக்குகூட எரியாது. கம்பியைப் பழுது பார்க்க ஏறியிருப்பவர்மேல் உன் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அதை யாரும் தளர்த்தக் கூடாது. தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியும், வீட்டைக் கிரிட்டிலிருந்து பிரித்துவிடும் தனி வசதியுள்ள இன்வெர்ட்டரும் வேண்டும். உன் தாளில் பேட்டரி இருக்கிறது, அந்த வசதி இருப்பதாக எங்கும் எழுதவில்லை. அந்த விற்பனையாளர் இதை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

அப்பாவின் மூச்சைக் கூரை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள். வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கருவி ஒன்று 350 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர இரவுக்கு 2.8 யூனிட். அவர் அறையின் விசிறியும் விளக்கும் சேர்ந்தாலும் நான்கு யூனிட்டைத் தாண்டாது. ஐந்து யூனிட் லித்தியம் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் போதும். அதைக் கிரிட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாம், ஒரு பேனல்கூடத் தேவையில்லை. மின்சாரத்தைப் பகலிலிருந்து இரவுக்கு எடுத்துச்செல்லும் லாபக் கணக்கில் பார்த்தால் பேட்டரி இன்னும் விலையுயர்ந்த பொருள்தான்: பத்து யூனிட் பேட்டரி ஆண்டுக்கு 300 நாள் முழுதாக நிறைந்து காலியானாலும் பத்தாண்டில் 30,000 யூனிட்தான் கைமாறும், அதன் விலையை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால் உனக்கே விளங்கும். அப்பாவுக்காக வாங்குவதை மட்டும் இந்தக் கணக்கில் வைக்காதே. அதை இந்த மாதமே வாங்கு. நீண்ட தடை வந்தால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கட்டும். எந்த அளவு என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

கூரைக்கு அவசரமில்லை. கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளையும், காலை, நண்பகல், பிற்பகல் மூன்று வேளையும் கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று எடுத்த படங்களையும் அனுப்பு. உனக்கு எத்தனை கிலோவாட் போதும் என்று நான் கணக்கிட்டு எழுதுகிறேன். அதற்கு முன், இன்றைக்கே, அப்பாவின் கருவியில் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் பார்த்து ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்