அண்டார்க்டிகா பயணம்: எந்தக் கப்பல், எந்த மாதம்?

மாட்டுங்கா குழு நண்பர்களுக்கு வணக்கம். அண்டார்க்டிகாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

எவ்வளவு சொகுசாக இருந்தாலும் பெரிய கப்பல் வேண்டாம். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே யாரையும் கரையிறக்குவதில்லை. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகள்தான் இறங்கலாம். 200 பேருக்குள் போகும் கப்பல் என்றால் காத்திருப்பு குறையும், பென்குயின்களைக் கூடுதல் நேரம் பார்க்கலாம். 5 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். அதுவாக நம் பக்கம் நடந்து வந்தால் அசையாமல் இருங்கள். அதைவிட வேறென்ன வேண்டும்!

குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி நல்லது. திமிங்கிலங்களுக்கு பிப்ரவரி, மார்ச். நான் பிப்ரவரி பக்கம்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பல் ஏறி டிரேக் நீரிணையைக் கடக்கவே சுமார் 2 நாள் ஆகும். அலை பலமாக இருக்கலாம், குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அவசர சிகிச்சைக்கு அங்கிருந்து வெளியே கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு கட்டாயம் வேண்டும். பெரியவர்களை அழைத்து வருபவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுகிறோம். விசா வேலைக்காக பாஸ்போர்ட் நகல் கொண்டு வாருங்கள்.